‘அசெம்பிளி ஃபேக்டர்’ எப்படித் ‘தொகுப்புக் காரணி’ ஆகும்?

மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘அசெம்பிளி ஃபேக்டர்’ என்பதற்குச் ‘சட்டமன்றக் காரணி’ என்று வந்தால் சிரித்துவிட்டுத் தாண்டலாம். ‘தொகுப்புக் காரணி’ அப்படியல்ல. காதுக்குச் சரியாகப் படுவதால் நிலைத்துவிடும்.

‘அசெம்பிளி’ பிரெஞ்சு வழி வந்த சொல்: ஒன்றுசேர்த்தல். ‘ஃபேக்டர்’ லத்தீனில் செய்பவர். அவ்வளவுதான்.

மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்கும் சுவாசச் சங்கிலி நொதிகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, முடிந்த நொதியில் தங்காமல் விலகும் புரதங்களுக்கே இந்தப் பெயர். கட்டடம் எழுந்ததும் பிரித்தெடுக்கும் சாரம் மாதிரி. அந்த நொதிகள் பல புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்புகள். முதலாம் கூட்டமைப்பில் 45 துணையலகுகள் (உறுப்புப் புரதங்கள்). 7-க்கான மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில், மற்றவை உட்கருவில். இரண்டு இடங்களிலிருந்து வருபவற்றை வரிசை பிறழாமல் கோக்க வேண்டும். என்டியூஎஃப்ஏஎஃப்2 என்ற அசெம்பிளி ஃபேக்டர் அரைகுறைக் கூட்டமைப்பில் ஒட்டியிருந்து, என்டியூஎஃப்ஏ12 என்ற துணையலகு வந்து அமரும்போது இடத்தை விட்டுவிடும்.

‘தொகுப்பு’ ஏன் ஆகாது? இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தொகுப்பு, புரதத்தொகுப்பு என்றால் புதிதாக ஆக்குதல். நான்காம் கூட்டமைப்பைப் பாருங்கள். அதன் அசெம்பிளி ஃபேக்டர்களில் காக்ஸ்10, காக்ஸ்15 இரண்டும் ஹீம்-ஏ (நொதிக்குள் இரும்பைத் தாங்கும் மூலக்கூறு) ஆக்கும் நொதிகள். அவற்றின் வேலை உண்மையிலேயே தொகுப்பு. எஸ்சிஓ1, எஸ்சிஓ2 எதையும் ஆக்குவதில்லை, காக்ஸ்17 கொண்டுவரும் செம்பைக் காக்ஸ்2 துணையலகில் சேர்க்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘தொகுப்பு’ என்று எழுதினால், எது ஹீமை ஆக்குகிறது, எது செம்பைப் பொருத்துகிறது என்று வாசிப்பவர் எப்படிப் பிரிப்பார்?

‘காரணி’யும் தேய்ந்த சொல். கணக்கில் காரணி, இரத்த உறைவில் காரணி, நோய்க்கும் காரணி. மூளையைப் பாதிக்கும் மரபுநோயான லீ நோய்க்குறியைப் பற்றி, ‘லீ நோய்க்குறியில் சர்ஃப்1 ஒரு காரணி’ என்றால் அந்தப் புரதமே நோயைத் தருவதாகத் தொனிக்கிறது. நடப்பது நேர்மாறு: சர்ஃப்1 நான்காம் கூட்டமைப்பின் அசெம்பிளி ஃபேக்டர், அதன் மரபணு பழுதானால் நான்காம் கூட்டமைப்பு ஒழுங்காகச் சேராது, நொதியின் அளவு குறையும். இதை 1998-இல் கண்டறிந்தார்கள். அந்த நொதியின் துணையலகு மரபணுக்களை மட்டும் தேடினால் பழுது அகப்படாது. அதனால்தான் சர்ஃப்1-ஐத் ‘துணையலகு’ என்று மொழிபெயர்ப்பது இன்னும் பெரிய பிழை. அகராதியைத் திறப்பவர்கள் நொதியின் படத்தையும் ஒருமுறை திறக்கலாம்.

‘பொருத்துதவிப் புரதம்’ என்பதே என் தேர்வு. பொருத்துவது, உதவுவது, புரதம், மூன்றும் அதில் உண்டு. ‘துணைப்புரதம்’ வேண்டாம், ஷாப்பரோனோடு (மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதம்) குழம்பிவிடும். தனித்தமிழ் அன்பர்கள் ‘கோப்பான்’ என்பார்கள். அலுவலகக் கோப்பு நினைவுக்கு வரும். முதல்முறை எழுதும்போது ‘பொருத்துதவிப் புரதம் (அசெம்பிளி ஃபேக்டர்)’ என்றும், பிறகு ‘பொருத்துதவி’ என்றும் எழுதினால் போதும்: எஸ்டிஎச்ஏஎஃப்2, இரண்டாம் கூட்டமைப்பின் பொருத்துதவி; பிசிஎஸ்1எல், மூன்றாவதன் பொருத்துதவி.