கொசு கடித்தால் இப்படியா வீங்கும்?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரை நெடுக வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். வந்த சில நாட்களில் அந்தப் பிள்ளைகளை என் கிளினிக்குக்குத் தூக்கி வர ஆரம்பிப்பார்கள். கையிலும் காலிலும் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிச் சிவந்திருக்கும், தொட்டால் சுடும். சில பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சலும் இருக்கும். கூடவே சித்தி மகனோ மாமி மகளோ ஓர் ஊர்ப் பிள்ளையும் வந்து நிற்கும். இரண்டும் ஒரே பாயில் படுத்த பிள்ளைகள்தான். ஊர்ப் பிள்ளையின் காலில் சின்னப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் இருக்காது. "நம்மூர்த் தண்ணி இவனுக்குச் சேரல டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

தண்ணீர் இதற்குக் காரணமில்லை. ஊசியும் அநேகமாகத் தேவைப்படாது.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். உறிஞ்சும் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் விடுகிறது. அதிலுள்ள புரதங்களை நம் உடம்பு எதிர்க்கிறது. அரிப்பு, தடிப்பு எல்லாம் அந்த எதிர்ப்பால் வருவதுதான். எவ்வளவு வீங்கும் என்பது, அந்தக் கடி அந்த உடம்புக்கு எவ்வளவு பழக்கம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்துப் பூச்சியியல் அறிஞர் கென்னத் மெலன்பி 1946-லேயே இதைக் கட்டம் கட்டமாக விளக்கியிருக்கிறார். வாழ்க்கையில் முதல்முதலாகக் கடிபடும்போது தோலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் ஒரு நாள் கழித்துத் தடிக்கும். அதற்கடுத்த கட்டத்தில் கடித்த நிமிடமே ஒரு தடிப்பு, மறுநாள் இன்னொரு தடிப்பு என இரண்டும் வரும். கடி தொடர்ந்தால் மறுநாள் தடிப்பு நின்றுபோய் உடனடித் தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் அடங்கிவிடும். வருடம் முழுக்கக் கடிபடும் ஊர்ப் பிள்ளை அந்தக் கடைசிக் கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஏசி அறையில் வளர்ந்து, வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் கடிபடும் பிள்ளை நடுக்கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. கொசு இனம் மாறினாலும் பழக்கம் கைகொடுக்காது. சென்னையில் கடிபட்டுப் பழகியவருக்கு இங்கே வந்தால் வீங்குவதும் உண்டு.

ஊர்ப் பிள்ளைகளுக்கு வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறேன். ரத்த நோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் எந்த வயதிலும் கடுமையாக வரலாம். இதுவரை சும்மா இருந்த பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று கடித்த இடமெல்லாம் கொப்புளமாகப் பொங்கினால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது.

வீக்கத்தோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: கடித்து எத்தனை மணி நேரத்தில் வீங்கியது? நிமிடங்களில் தடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அமுங்கினால் அது சாதாரணத் தடிப்பு. சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கிச் சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கொசுக்கடி ஒவ்வாமையின் கடுமையான வடிவம். 1999-இல் கனடாவைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ், பெங் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஸ்கீட்டர் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே வற்றிவிடும். ஆனால் கடித்த அன்று ஒன்றுமில்லாமல், இரண்டு மூன்று நாள் கழித்துச் சொறிந்த புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவ ஆரம்பித்து, வலி கூடி, சீழ் கட்டினால் அது கிருமித் தொற்று. அதற்குத்தான் ஆன்டிபயாடிக் வேண்டும். இரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம், நேரத்தைக் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டிலும் ஒரு வேலை செய்யலாம். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஒரு நாள் காலையில் நாலு வயதுப் பையன் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் உம்மா ஓடி வந்தார். இரவு நன்றாகத் தூங்கிய பிள்ளைக்கு விடிந்ததும் இடது கண் முழுவதும் மூடிப்போயிருந்தது. "கண்ணு போயிருமோ டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தேன். விழி வெள்ளையாக, தெளிவாக இருந்தது. என் பேனாவை அப்படியும் இப்படியும் நகர்த்தினால் வலியில்லாமல் கண்ணை ஓட்டிப் பார்த்தான். புருவத்துக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதுதான் கடித்த இடம். இமைத்தோல் மெல்லியது, தொளதொளவென்று இருப்பது. நீர் சேர்ந்தால் அங்கே வீக்கம் ரொம்பப் பெரிதாகத் தெரியும். ஈரத்துணி ஒத்தடமும் அலர்ஜி சிரப்பும் கொடுத்து அனுப்பினேன். விழியை அசைத்தால் வலிக்கிறது, விழி முன்னே தள்ளியிருக்கிறது, பார்வை மங்குகிறது, காய்ச்சல் ஏறுகிறது என்றால் மட்டும் கதை வேறு. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசிக்கு வருகிறேன். மெடிக்கலில் போடும் ஊசி பெரும்பாலும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு. வீக்கம் எப்படியும் இறங்கத்தான் போகிறது. ஊசி போட்ட மறுநாள் இறங்கினால் பேர் ஊசிக்குப் போய்விடுகிறது, அடுத்த கடிக்கும் ஊசி கேட்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அந்த ஓர் ஊசி சர்க்கரையைக் கூட்டிவிடும், கிருமித் தொற்றாக இருந்தால் அதை மறைத்தும் விடும். இதைவிட எனக்குக் கவலை தருவது, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் படை மருந்தும் ஒன்றாகக் கலந்த டியூப் களிம்புகள். பிள்ளையின் முகத்தில் மாதக்கணக்கில் தடவி, தோல் மெலிந்து ரத்தநாளம் தெரியும் நிலையில் கூட்டி வருகிறார்கள். தயவுசெய்து அந்த டியூபைக் கேட்டு வாங்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியில் ஐஸைச் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் புண்ணில் நேராக வைக்கக் கூடாது, அந்த ஐஸ் சுத்தமில்லை. காலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு அதிகமானால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லிசாக இரண்டு வேளை, சில நாட்களுக்கு மட்டும். பெரியவர்கள் செடிரிசின் என்ற 10 மில்லிகிராம் அலர்ஜி மாத்திரையை இரவில் ஒன்று போடலாம். பிள்ளைகளுக்கு அந்த மாத்திரையை உடைத்துக் கொடுக்காமல் வயதுக்கேற்ற சிரப் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீங்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு, கடிபடும் நாட்களில் இதை முன்கூட்டியே கொடுத்தால் தடிப்பும் அரிப்பும் குறையும் என்று பின்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் இதைப் பேசிவிடலாம். இராத்திரி கடலுக்குப் போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை: அவில் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளும். அதைப் போட்டுக்கொண்டு வல்லத்தில் ஏறாதீர்கள். செடிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், கரையில் இருக்கும் நாளில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுண்ணாம்பு வேண்டாம், தோலைப் புண்ணாக்கிவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போனாலும் தோல் வெந்து கறுக்கும். டூத்பேஸ்டும் தைலமும் ஒரு நிமிடம் குளிரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சொறிவதுதான் பெரிய ஆபத்து. மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறேன். பாறை கீறிய காயம் ஏற்கெனவே இருக்கும், அதற்கு மேல் கொசுக்கடியைச் சொறிந்த காயம். கரையேறியதும் உப்புத் தண்ணீர் காயும் முன் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டாலே பாதிப் புண் ஆறிவிடும். பிள்ளைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறினால், புண் ஆறி ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகுகூடச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் முகம் உப்பி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அதே நாளில் காட்ட வேண்டும். பழைய புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடித்தது கொசுதானா என்றும் பார்க்க வேண்டும். காரங்காடு அலையாத்திக் காட்டுப் பக்கம் சாயங்காலம் போய் வந்தவருக்கு உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்தால், அது கொசுவைவிடப் பொடியான கடிபூச்சியாக இருக்கலாம். சாதாரண வலையின் கண்ணுக்குள் அது புகுந்துவிடும். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஒல்லி வண்டைத் தோலின் மேல் நசுக்கினால், மறுநாள் கோடு இழுத்தது போல வெந்திருக்கும். அதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நசுக்காமல் ஊதிவிடுவதும், பட்ட இடத்தை உடனே சோப்பால் கழுவுவதும்தான் வழி.

கால் வீங்கியதும் யானைக்கால் வந்துவிட்டதோ என்று அழுகிறவர்களுக்கும் சொல்கிறேன். அது ஒரே இரவில் வராது. பல தடவை கடிபட்டு, புழு உடம்பில் தங்கி, வருடக்கணக்கில் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்த பிறகு வருவது. டெங்குவும் கடித்த இடத்து வீக்கமாகத் தொடங்குவதில்லை. கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சலாக வரும். ஒவ்வாமைக் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டி நீண்டால், மழைக்காலமாக இருந்தால், ரத்தம் பார்த்துவிடுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். வீக்கத்துக்கு என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

மிக மிக அரிதாக, கொசுக்கடியால் உடம்பு முழுவதும் தடித்து, உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றி விழும் நிலை வரலாம். அப்போது மாத்திரை தேடி நேரத்தைக் கழிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஆம்புலன்ஸ் வரும் வரை படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னே கடிபடாமல் பார்ப்பது இருக்கிறது. தொட்டில் பிள்ளைக்கு வலைதான் முதல். ஃபேனை வேகமாக வைத்தால் காற்றில் கொசு நிலையாகப் பறக்க முடியாது. டீட், பிகாரிடின் உள்ள கொசு விரட்டிக் களிம்புகளைக் கண், வாய், புண், பிள்ளையின் உள்ளங்கை தவிர்த்துத் தடவலாம். கைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத்தான். கொசுவத்திச் சுருளைக் கதவடைத்த அறையில் கொளுத்தாதீர்கள், இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை கொசுவைவிட மோசம்.

அப்புறம் தண்ணீர். நம் மாவட்டத்தில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியிலும் டிரம்மிலும் நிரப்பி வைக்கிறோம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்தச் சுத்தமான தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு தடவை காலி செய்தால் சுற்று அறுந்துவிடும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு சுற்றிலும் அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு அப்புறம் நிரப்புங்கள். டிரம் வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் கட்டியதில் பிரயோசனமில்லை.