அட்டாக்சியா: தள்ளாட்டமா, ஒத்தியங்காமையா?

அட்டாக்சியா கிரேக்கச் சொல். 'டாக்சிஸ்' என்றால் ஒழுங்கு, வரிசை. முன்னால் நிற்கும் 'அ' அதை மறுக்கிறது; நியாயம், அநியாயம் என்று நாம் சொல்கிற அதே 'அ'தான். மருத்துவத்தில் இது உடல் அசைவின் ஒழுங்கு குலைவதைக் குறிக்கும். தசையில் பலம் இருக்கும். அசைவுகளை ஒன்றோடொன்று இசையவைக்கும் சிறுமூளைதான், அதாவது இலங்கையில் நம் பாடப்புத்தகம் 'மூளி' என்று சொல்லும் பகுதிதான், பெரும்பாலும் பழுதாகியிருக்கும். காலை அகட்டி வைத்து நடப்பார்கள், சட்டைப் பொத்தான் பூட்டச் சிரமப்படுவார்கள், பேச்சு குழறும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இதற்குக் கிடைக்கும் பெயர் வேறு. "காலையிலேயே போட்டுட்டு வாறான்" என்பார்கள். கொழுந்து மலையில் சரிவில் நிற்க முடியாமல் போகும் பெண்ணுக்கென்றால் செய்வினை. குடியும் காலப்போக்கில் மூளியைக் கெடுக்கும் என்பதால் டாக்டரும் குடியைப் பற்றிக் கேட்பார். அது விசாரணை, பழி அல்ல.

'தள்ளாட்டம்' நல்ல தமிழ்தான். ஆனால் குடியும் 'தள்ளாத வயசும்' அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனமில்லை. நோய்க்கு 'ஒத்தியங்காமை' பொருந்தும். நடையை மட்டும் சொல்லத் தள்ளாட்டம் போதும்.

அப்புறம், பரம்பரை ஒத்தியங்காமை ஒரே நோயல்ல. ஜெர்மன் மருத்துவர் ஃபிரீட்ரைக் 1863இல் விவரித்த வகை பின்னிடைவானது: தாய், தகப்பன் இருவரும் பழுதான பரம்பரையலகை, அதாவது ஜீனை, கொடுத்தால்தான் பிள்ளைக்கு வரும். மாமன் மகளைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு கூடும். இன்னொரு கூட்டம் ஆட்சியானது. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதில் 'எஸ்சிஏ 1' (ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா, முதல் வகை) என்பதன் காரணம் 1993இல் பிடிபட்டது. ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) சி-ஏ-ஜி என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து, கீறல் விழுந்த இசைத்தட்டுப் போலத் திரும்பத் திரும்ப வருகிறது. சுமார் நாற்பது தடவையைத் தாண்டினால் நோய். தலைமுறைக்குத் தலைமுறை அந்த எண்ணிக்கை கூடக்கூடும். தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது பேரனுக்கு இருபதிலேயே வருவது இதனால்தான். இலங்கையில் ஆராயப்பட்ட குடும்பங்களில் அதிகம் தென்பட்டது இந்த வகையே. தமிழ்நாட்டிலும் ஒரு சமூகத்தாரிடையே இது மிகுதி என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது.

நவீனமான பரம்பரையலகு வாசிப்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எழுத்துகளைத் துண்டுதுண்டாக வாசிக்கும் வழக்கமான முறை, இப்படி நீளும் திரும்பல்களைக் கோட்டைவிடலாம். அவற்றை எண்ணவே தனிச் சோதனை உண்டு. எதைச் சோதிப்பது என்று முடிவெடுக்க டாக்டருக்குக் குடும்ப வரலாறு வேண்டும். கண்டிக்கோ கொழும்புக்கோ கிளினிக் போகுமுன், யார் யாருக்கு எந்த வயதில் நடை குழம்பியது, யார் சொந்தத்தில் கட்டினார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

பெயர் தெரிந்து என்ன பயன் என்றால், விற்றமின் ஈ குறைவால் வரும் பரம்பரை வகைக்கு அந்த விற்றமினை அதிக அளவில் கொடுத்தே நோயைத் தடுத்து நிறுத்தலாம். எஸ்சிஏ 1க்கு இன்னும் அப்படி மருந்தில்லை. அதனால் நோய்க்குறி இல்லாத சிறு பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைப் பொதுவாகச் செய்வதில்லை. வளர்ந்தபின் அவர்களே விரும்பினால் செய்துகொள்ளலாம்.