பழைய இன்சைட்டை அவசரப்பட்டு உடைக்கப் போடாதீர்கள்

அமெரிக்காவில் ஹைபிரிட் கார்களை, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் கார்களை, பழுது பார்ப்பது என் தொழில். முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட் வைத்திருப்பவர்கள் பேட்டரி விளக்கு எரிந்ததுமே, உடைக்கப் போட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். போடாதீர்கள்.

1999 டிசம்பரில் இங்கே விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் இதுதான். டொயோட்டாவின் ஹைபிரிட்டான பிரியஸ் அடுத்த ஆண்டுதான் வந்தது. இரண்டு பேர்தானே உட்கார முடியும் என்று அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். காலையில் வேலைக்கு ஓடும் கார்களைப் பாருங்கள்: ஐந்து இருக்கை, ஒரே ஆள்!

இந்தக் காரின் அருமை பேட்டரியில் மட்டும் இல்லை. அலுமினிய உடல், ஏறத்தாழ 850 கிலோதான் எடை. காற்றைக் கிழித்துப் போவதற்காகப் பின்சக்கரங்களைக்கூட மூடியிருக்கிறார்கள். காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் காற்றுத்தடைக் குணகம் வெறும் 0.25; இது குறையக் குறைய நல்லது. மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின். அதோடு ஒட்டியிருக்கும் மெல்லிய மோட்டார், வேகமெடுக்கும்போது கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்கும். தனியாகக் காரை நகர்த்தாது. அமெரிக்க அரசின் மைலேஜ் சோதனை முறை கடுமையான பிறகும், கியர் போட்டு ஓட்டும் மாடலுக்கு லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வந்தது. பிளக் போட்டுச் சார்ஜ் ஏற்றாத கார்களில் அதை மிஞ்ச 2016 மாடல் பிரியஸ் எக்கோ வர வேண்டியிருந்தது.

மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்ற இன்சைட் ஒன்று என்னிடம் வந்தது. பேட்டரியை முழுதாக மாற்ற வேண்டும் என்று வேறொரு பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். கேட்ட தொகை காரின் விலையைவிட அதிகம். திறந்து பார்த்தேன். உள்ளே 120 செல்கள், ஆறாறாக 20 வரிசைகள். நிக்கல் செல்கள் சும்மா நின்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சார்ஜ் இழக்கும். அதில் பின்தங்கிய வரிசை மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். மெல்லிய மின்னோட்டத்தில் நிதானமாகச் சார்ஜ் ஏற்றிச் சமன் செய்ததும் விளக்கு அணைந்தது. எல்லா பேட்டரியும் இப்படிப் பிழைத்துவிடாது, உண்மைதான். ஆனால் வரிசை வரிசையாகச் சோதிக்காமல் மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

வீட்டில் நீங்களே திறக்க மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது 144 வோல்ட், ஆளையே கொல்லும். நாங்களே மெயின் சுவிட்சை அணைத்து, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் இறங்க ஐந்து நிமிடமாவது காத்திருந்து, மின்சாரம் தாங்கும் ரப்பர் கையுறை போட்ட பிறகுதான் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு வயரைத் தொடுவோம்.