கால் மரத்தவருக்கு எதற்கு வெந்நீர்த் தொட்டி?

கோடை விடுமுறை முடிந்தால் போதும், ஏலகிரியிலிருந்து இறங்கியவர்களில் சிலர் உள்ளங்கால் கொப்பளத்தோடு வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்து நிற்கிறார்கள். கேட்டால், "ஸ்பாவில் வெந்நீரில் கால் வைத்தேன், இதமாகத்தானே இருந்தது" என்பார்கள். பல வருடச் சர்க்கரையில் நரம்பு கெட்டவருக்குக் கொதிக்கிற சூடும் இதமாகத்தான் தெரியும். 50 டிகிரி வெந்நீர் சில நிமிடங்களில் தோலை வேகவைத்துவிடும். மறுநாள் செருப்பு மாட்டும்போதுதான் கொப்பளம் கண்ணில் படுகிறது. அதை ஊசியால் குத்தி, மஞ்சள் பூசி, பத்து நாள் கழித்து வந்தால் விரலைக் காப்பாற்றவே போராட வேண்டியிருக்கிறது.

எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெயும் சீயக்காயும் நமக்குப் புதிதா என்ன? "நச்சு வெளியேறுகிறது" என்ற ஸ்பாக்காரர் பேச்சுதான் ஆளைக் கெடுக்கிறது. வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் உப்பு. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அந்த வேலையை நீராவிப் பெட்டி செய்யாது. வெளியே வந்ததும் எடை அரை கிலோ குறைந்திருந்தால் அது வெறும் தண்ணீர், இரண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

இதைவிட மோசம், மின்கம்பி பொருத்திய உப்புநீர்த் தொட்டி. காலை வைத்ததும் தண்ணீர் பழுப்பாக மாற, "பாருங்கள், உங்கள் உடம்பு நச்சு" என்று காட்டுகிறார்கள். கால் வைக்காமல் அதே கருவியை ஓடவிடச் சொல்லுங்கள். தண்ணீர் அப்போதும் பழுப்பாகும். அது மின்முனையின் இரும்புத் துரு. இதை நம்பிக்கொண்டுதான் எரிந்தாலும் நல்லதுக்கு என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியவில்லையா? பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறதா? அப்படியானால் தொட்டியே வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். மசாஜ் செய்பவர் கைவிட்டுப் பார்த்தேன் என்றால் நம்பாதீர்கள், தினமும் வெந்நீரில் புழங்கும் கை அது. கால் ஆணியைப் பிளேடால் சீவவும் விடாதீர்கள்.

நீராவி எடுக்க ஆசையா? பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள், தனியாகப் போகாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுவார். சூட்டில் ஏற்கெனவே விரிந்த ரத்தக்குழாயை மாத்திரை இன்னும் தளர்த்தியிருக்கும். நீராவியிலிருந்து வெளியே வந்ததும் கால்மணி நேரமாவது உட்காருங்கள். ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.

இன்சுலின் போடுபவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். ஊசி போட்ட உடனே நீராவிக்குப் போனாலோ, ஊசி போட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தாலோ மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை சரியும். அதன் முதல் அறிகுறி வியர்வையும் படபடப்பும். நீராவிப் பெட்டிக்குள் எல்லோருக்குமே வேர்க்கும்போது அதை யார் கண்டுபிடிப்பது? சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

நெடும்பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை யாரும் பிடித்துவிடக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கலாம். கழுத்தில் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். திடீர் முறுக்கலில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

சூடு பட்டது அப்போதே தெரிந்தால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்பளத்தை உடைக்காமல் சுத்தமான துணி சுற்றி, அந்தக் காலை ஊன்றாமல், அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள்.