365ஐச் சொல்லி மிரட்டினால் பயந்து பணம் கொடுக்காதீர்கள்

மலையகத் தோட்டங்களிலிருந்து என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் தன்பாலீர்ப்பு உள்ள இளைஞர்கள், திருநங்கைகள் சிலர் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது ‘365’ என்ற இலக்கத்தைத்தான். சட்டம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, யாரோ அதைச் சொல்லி மிரட்டியதால் தெரிந்தது. “போனில் இருப்பதைப் பொலிசில் காட்டுவேன், காசு கொடு” என்பார்கள். மிரட்டுபவர் பழைய நண்பராக இருப்பார், சில சமயம் சொந்தக்காரராகவே இருப்பார்.

சரி, சட்டத்தில் என்ன இருக்கிறது? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவருக்கிடையிலான பாலுறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகளும் இன்னும் இருக்கின்றன. 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் இவை தண்டிப்பது செயலை மட்டும்தான். தன்பாலீர்ப்பு உள்ளவராக இருப்பதே குற்றம் என்றோ, திருநங்கை சேலை உடுத்துவது குற்றம் என்றோ இவற்றில் எழுதப்படவில்லை. இந்தப் பிரிவுகளைத் திருத்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றம் அதை நிறைவேற்றாமலே 2024 செப்டெம்பரில் கலைந்துவிட்டது. சட்டம் எப்போது மாறும் என்று காத்திருக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மிரட்டிப் பணம் பறிப்பது இன்றைக்கே குற்றம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். முதல் தடவை கொடுத்தால் இரண்டாம் தடவையும் கேட்பார்கள்.

திருநங்கை, திருநம்பிகளின் அடையாள அட்டைப் பிரச்சினை இதைவிடச் சிக்கலானது. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்தியர் ஒருவரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றி, பிறகு புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு இடையில் ஓர் இடைஞ்சல் உண்டு. விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவது பெரும்பாலும் தோட்ட அத்தியட்சகர் அல்லது கிராம சேவகர். படிவம் ஒபிஸ் மேசைக்குப் போன அன்றே கதை லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வந்துவிடுகிறது. பத்து காம்பராவுக்கு ஒரே கூரை, ஒரே தண்ணீர்ப் பீலி. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இந்தக் கட்டத்தில் எத்தனையோ பேர் படிவத்தைக் கிழித்துவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்கு ஏறிவிடுகிறார்கள்.

ஒபிஸ் உத்தியோகத்தர்களிடமும் தோட்டத் தலைவர்மாரிடமும் கேட்கிறேன், அந்தப் படிவத்தில் இருப்பதை வெளியே சொல்லாதீர்கள். காகிதம் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று மலையகத் தமிழரான நம்மவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள், மிச்சமிருந்தவர்களுக்கும் சேர்த்து அது திரும்பக் கிடைக்க 2003 ஆனது. கந்தோர் கந்தோராக அலைந்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைதான் இன்று தனியாக அலைகிறது. கூட யாராவது ஒருவர் போனால் போதும், அம்மாவோ அக்காவோ டீச்சரோ. துணையோடு வருபவரிடம் கவுண்டரில் பேசும் தொனியே வேறாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும் ஆணைப் பக்தியோடு பார்க்கிற ஊர்தான் இது. வேஷம் கலைந்த பிறகும் அந்தக் கலைஞரை மரியாதையாக நடத்த நம்மால் முடியாதா?

பிள்ளையைப் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். அடித்தோ மந்திரித்தோ மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அந்த மாதிரி நேரத்தில் பிள்ளையை இரவில் தனியாக விடாதீர்கள்.

பொலிசிலோ வேறு அரச அலுவலகத்திலோ அவமானப்படுத்தினால், இடம், திகதி, நேரத்தை அன்றே எழுதி வையுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன, தொலைபேசி இலக்கம் 1996. ஒரு மாதம் முடிந்த பிறகு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம், தயவுசெய்து முதல் வாரத்திலேயே வாருங்கள்.