அரவானை வெறும் பாஸ் ஆக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடியோ கேம்களுக்குக் கதை திருத்துவது என் தொழில். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டசி ரோல்-பிளேயிங் கேம் செய்ய ஆசைப்பட்டு, கதைக் கோப்பை எனக்கு அனுப்புவார்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் போன வாரம் வந்ததைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதில் அரவான் ஒரு பாஸ், அதாவது அடுத்த கட்டத்துக்குப் போக அடித்து வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி. தலையை வெட்டினால் அது பறந்து வந்து நெருப்பு கக்கும், அதையும் அடித்து முடித்தால் ஒரு வாள் கிடைக்கும், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முன்பு வந்த ஒன்றில் திரௌபதி நெருப்பு மந்திரக்காரி. இன்னொன்றில் கர்ணன் கவசம் விற்கும் கடைக்காரன்!

கூத்தில் அரவான் கதை எப்படிப் போகிறது? போரில் பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் முப்பத்திரண்டு லட்சணமும் உள்ள ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ஜுனன், அர்ஜுனனின் மகன் அரவான். முதல் இரண்டு பேரையும் இழக்க முடியாது. ஆகவே அந்தப் பையனிடம் போய்க் கேட்கிறார்கள், அவனும் சரி என்கிறான், ஆனால் சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும், வெட்டிய தலை பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும் என்கிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வருகிறான். கேட்கக் கூடாததைக் கேட்பது, ஒப்புக்கொள்வது, அதற்கு நிபந்தனை போடுவது என்று ஒரு கேமுக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. இத்தனையும் விட்டுவிட்டு வெட்டிய தலையை மட்டும் எடுத்துக்கொண்டால் நான் எதைத் திருத்துவது?

புராணப் பெயர் போட்டால் கதைக்குக் கனம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் காரணம். வராது. ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் 1990இல் வந்த மூன்றாவது கேமிலிருந்தே ஷிவா என்ற பெயரில் பனி வீசும் ஒரு பெண் வருகிறாள், நம் சிவனுக்கும் அவளுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதே வரிசையின் பஹமூத்தைப் பாருங்கள். அரபுக் கதைகளில் அது பூமியைத் தாங்கும் பெரிய மீன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டு அதை டிராகன் ஆக்கியது, கேம்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அந்த கேம்களில் மனதைத் தொடுகிற இடங்கள் உண்டு, ஆனால் அவை கதாபாத்திரங்களுக்குள் நடப்பதால் தொடுகின்றன, பெயர் அதில் ஒரு வேலையும் செய்யவில்லை.

உடனே ஒரு பதில் வரும்: “‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் பெயரைத்தானே எடுத்தார்?” எடுத்தார்தான். 1892இல் நம் ப்ளூம்ஃபோன்டீனில் பிறந்த அந்த மனிதர் தன் மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரையும் குள்ளர்களின் பெயர்களையும் பழைய நார்ஸ் மொழிப் பாட்டிலிருந்து எடுத்தார். அந்தப் பழைய மொழிகளையும் இலக்கியங்களையும் வாழ்நாள் முழுக்கப் படித்த பேராசிரியர் அவர். இருந்தாலும் வாசகர்களைக் கடைசிவரை இழுத்துப்போனது காண்டால்ஃப் என்ற பெயரா? பயன்படுத்தினாலும் ஆபத்து, வைத்திருந்தாலும் ஆபத்து, விட்டுவிடவும் மனம் வராது என்று ஒரு மோதிரம் இருந்ததே, அதுதான்.

நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். போலந்துக்காரர்கள் 2015இல் வெளியிட்ட விட்சர் 3 என்ற கேமில் ஒரு பிரபு (பேரன், Baron) வருவான். அவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், அவளுக்குக் கரு கலைகிறது, சடங்கில்லாமல் புதைத்த அந்தக் கரு பேயாக எழுகிறது. ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கையில் உள்ள பேய் அது. கேமில் அதைக் கொன்றுவிடலாம். இல்லையென்றால் அப்பனே அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து, பெயர் வைத்து, வீட்டு வாசற்படியில் புதைக்க வேண்டும், அப்போது அது வீட்டைக் காக்கும் ஆவியாகும். அந்தப் பேய் யாரால் வந்தது என்று ஆட்டக்காரருக்குத் தெரியும், அப்பனுக்கும் தெரியும், அதனால்தான் அந்த நடை அவ்வளவு பாரமாக இருக்கிறது. (தொழில் ரகசியம் ஒன்று: அந்தப் பிரபுவின் முடிவு, நடுவில் ஒரு மரத்தடியில் நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. அதன் விளைவு உடனே தெரியாது, தெரியும்போது முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது. விளைவை உடனே காட்டினால் எல்லோரும் அங்கே திரும்பிப் போய் மறுபடி ஆடிவிடுவார்கள்.)

வெளியே தேடவும் வேண்டாம். மனிதருக்குச் சாவு இல்லை என்ற செய்தியோடு படைப்புக் கடவுள் உன்குலுன்குலு பச்சோந்தியை அனுப்பினார் என்று ஒரு ஜூலுக் கதை உண்டு. பச்சோந்தி வழியில் மெதுவாக ஊர்ந்தது, பழம் தின்றது. அதற்குள், சாவு உண்டு என்ற செய்தியோடு பின்னால் அனுப்பிய பல்லி முந்திவிட்டது. நாளை உலகம் அழியும் என்று சொல்லிவிட்டு ஆட்டக்காரரை நூறு மணி நேரம் மீன் பிடிக்க விடும் கேம்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஒரே ஒரு இடத்திலாவது தாமதத்துக்கு விலை வையுங்கள். ஆனால் எனக்கு வரும் கோப்புகளில் ஜூலு மரபு என்றால் டோகோலோஷே மட்டும்தான், அதுவும் முதல் கட்டத்தில் இரண்டே அடியில் சாகும் குட்டிப் பிசாசாக.

எழுதுகிற தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். உலக வரலாற்றை முதலில் எழுதாதீர்கள், ராஜ வம்சப் பட்டியலை யாரும் படிக்கப்போவதில்லை. ஒரு புராணப் பாத்திரத்தை எடுத்தால் அதன் சாபம், சபதம், கடன் எது என்று பார்த்து அதைத்தான் எடுக்க வேண்டும், ஆயுதம் அப்புறம். ஆட்டக்காரர் முன் வைக்கும் இரண்டு வழிகளில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தீமிதியை மினி-கேம், அதாவது நடுவில் வந்துபோகும் குட்டி விளையாட்டு, ஆக்காதீர்கள். 1860 முதல் கப்பலேறி வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் காப்பாற்றி வைத்தது அது, விரதம் இருந்து இறங்குகிறவர்கள் இன்றும் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதைக் கதையில் வைக்க வேண்டுமென்றால் முதலில் கோயிலுக்குப் போய்ப் பேசுங்கள். வேஷம் கட்டிய தாத்தா, பாட்டுத் தெரிந்த ஆயா வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாலும் சரி. கோப்பு எனக்கு மூன்று மாதம் தள்ளி வந்தால் போதும், அவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.