மேற்குறி: எழுத்து மாறாது, ஒலிப்பு மாறும்

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் மகளுக்குக் கிரோன் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. யாரோ கொடுத்த விளக்கத்தாளில் ‘எபிஜெனெடிக் மார்க்கர்’ என்பதை ‘மரபணு மாற்றக் குறியீடு’ என்று அச்சிட்டிருந்தார்கள். “எங்கள் வழியில் யாருக்கும் இது இல்லையே சார், என் ரத்தத்தில்தான் குறையா?” என்று கேட்டுக் கண்கலங்கினார். பிழையான மொழிபெயர்ப்பு ஒரு தாயை இப்படி அழவைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

‘எபி’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு ‘மேல்’ என்று பொருள். கருவில் உறுப்புகள் படிப்படியாக உருவாகின்றன என்ற பழைய கொள்கைக்கு ‘எபிஜெனிசிஸ்’ என்று பெயர். அதோடு ‘ஜெனெடிக்ஸ்’, அதாவது மரபியல் என்பதை இணைத்து 1942-இல் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லை ஆக்கியவர் பிரிட்டன் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். இன்று அது, டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை அப்படியே இருக்க, மரபணு இயங்குவதும் அடங்குவதும் மாறுவதைக் குறிக்கிறது.

தமிழருக்கு இது புதிதே இல்லை. ‘க’ மேல் ஒரு புள்ளி வைத்தால் உயிரொலி அடங்கி ‘க்’ ஆகிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடுவதில்லை. ‘கல்’ என்று படிக்க வேண்டியது ‘கல’ என்றே நிற்கும். எரியும் ஏரியும் ஒரே வடிவில் இருக்கும். கல்லில் விரல் வைத்து, இங்கே புள்ளி உண்டா இல்லையா என்று முடிவு செய்தால்தான் பொருள் பிடிபடும். உயிரணுவில் அந்தப் புள்ளி மெத்தில் தொகுதி: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்தில் அது ஒட்டுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை குவிந்தால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆகவே ‘மேல்மரபியல்’ என்பதே சரி. ‘புறமரபியல்’ என்றும் எழுதுகிறார்கள். புறம் என்றால் வெளியே, இக்குறியோ எழுத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. மார்க்கரை ‘மேற்குறி’ என்பேன்.

இனி நோயின் போக்கு. ‘அழற்சி’ என்ற சொல்லிலேயே அழல், அதாவது நெருப்பு இருக்கிறது. கிரோன் நோயாளிகளின் ரத்தத்தில் தெரியும் மேற்குறிகளில் பெரும்பகுதி அந்த நெருப்பின் புகை போன்றது: சிகிச்சையில் அழற்சி தணிந்தால் அவையும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. குடலின் உட்புற உயிரணுக்களில் உள்ளவை அப்படியல்ல. நோய் அடங்கிய பிறகும் பல நிலைத்திருக்கின்றன. நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதை முன்கூட்டி அறிய ஆய்வாளர்கள் இவற்றைக் கூர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் இவற்றை வைத்து மருந்தைத் தேர்வது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை.

மரபணு எழுத்துக்கும் பங்கு உண்டு, மறைக்கக் கூடாது. கிரோன் நோயோடு என்.ஓ.டி.2 மரபணுவின் தொடர்பு 2001-இலேயே வெளியானது. எனினும் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, ஒரே மரபணு எழுத்துள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். தாளில் ‘மரபணு மாற்றக் குறியீடு’ என்பதை அடித்து, மேலே ‘மேற்குறி’ என்று எழுதிக் கொடுத்தேன். “இதை அவள் அப்பாவிடம் காட்ட வேண்டும்” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.